'ஒன்றுமில்லை' என்று கேட்டு வீடு திரும்பியவர்களுக்கு



இரவு பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தீர்கள். மார்பில் பட்டைகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தோம். ட்ரோபோனின் பார்க்க இரத்தம் எடுத்தோம். சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்தோம். விடியும் நேரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் வந்து, "எல்லாம் நார்மல். ஒன்றுமில்லை. டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். நீங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். கூட வந்தவர், "நான்தான் அப்பவே சொன்னேனே, கேஸ்தான்" என்றார்.

உங்கள் மார்பிலிருந்து அந்தப் பட்டைகளைப் பிய்த்தெடுத்த தாதி நான். சிங்கப்பூரில் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வேலை செய்தேன். உங்கள் பெயர்கள் நினைவில் இல்லை. எழுந்து போகும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இதயம் பழுதில்லை என்ற நிம்மதி அதில் பாதிதான். மீதிப் பாதி, "அப்படியானால் இங்கே அடைத்துக்கொண்டு நிற்பது என்ன?" என்ற கேள்வி. அதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அதே அடைப்பு எனக்கு வந்தது. மூச்சை முழுதாக இழுக்க முடியாது. ஓயாமல் பெருமூச்சு வரும். தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கும். விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. இரவில் தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டால்தான் கொஞ்சம் தூக்கம் வரும். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் நார்மல். ஒன்றுமில்லை என்றார்கள். அந்தச் சொல்லை அதுவரை படுக்கைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள், அன்றுதான் படுத்துக்கொண்டு கேட்டேன்.

என்னோடு பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்த சீனத் தோழி ஒருத்தி, என் கையைப் பிடித்து ஒரு சின்சேயிடம் அழைத்துப் போனாள். சின்சே என்றால் இங்கே எல்லா இனத்தாருக்கும் புரியும்; சீன மருத்துவர். வயதானவர். முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மாறி மாறி மூன்று விரல்களை வைத்து, நெடுநேரம் பேசாமல் இருந்தார். நம் வைத்தியர்களும் மூன்று விரலால்தான் நாடி பார்ப்பார்கள். ஆனால் வாதம், பித்தம், கபம் அல்ல அவர் தேடியது. இடது கையில் மணிக்கட்டுக்கு அருகே இதயம், அடுத்த விரலடியில் கல்லீரல், அதற்கடுத்து சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். என் இடது கையின் நடுவிரலடியில் நின்றுவிட்டு, ஒரு சொல் சொன்னார். தோழி மொழிபெயர்த்தாள்: "தந்தி மாதிரி இருக்கிறதாம். இழுத்துக் கட்டிய தந்தி."

பிறகு கேள்விகள். பெருமூச்சு வருகிறதா? விலாவில் இறுக்கம் உண்டா? தொண்டையில் ஏதாவது நிற்கிறதா? நான் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் அவரே வரிசையாகக் கேட்டார். கடைசியில், "வீட்டில் என்ன நடந்தது?" என்றார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

தோழி அவரிடம் மாண்டரினில் ஏதோ சொன்னாள். என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் பேனாவை எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எழுதினார்.

அன்றிலிருந்து இந்த மருத்துவத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன். நான் சீன மருத்துவர் அல்ல. அதை விற்க வரவும் இல்லை. உங்களுக்கு நாங்கள் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன இடத்தில், சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளாக என்னென்ன சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதை உங்களிடம் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். நெஞ்சடைப்பைச் சீனர்கள் 'ஷியோங் மென்' என்பார்கள். 'ஷியோங்' மார்பு. 'மென்' என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காற்றில்லாத அறை, மழைக்கு முந்தைய இறுக்கமான மதியம், வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்ட மனம், மூன்றுக்கும் அவர்களிடம் ஒரே எழுத்துத்தான். நம்மிடமும் அப்படித்தான். புழுக்கம். "ஒரே புழுக்கமா இருக்கு" என்று வானத்தைப் பார்த்தும் சொல்கிறோம். "மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்காதே" என்று மனிதரைப் பார்த்தும் சொல்கிறோம். அந்தச் சீன எழுத்தை வரைந்து பார்த்தால் ஒரு கதவு, அதற்குள்ளே இதயம். கதவு அங்கே ஒலிக்காக வந்தது என்பார்கள் எழுத்தை ஆராய்பவர்கள், இருக்கட்டும். கதவு சாத்திய அறைக்குள் இதயம் இருப்பதை என் கண் பார்த்துவிட்டது. சினம், துயரம், அச்சம், நினைவு ஆகிய நான்கு சீன எழுத்துகளின் அடியிலும் அதே இதயம் உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் நெஞ்சு என்றால் மார்புக்கூடும் உண்டு, மனமும் உண்டு. "உடம்பா, மனசா?" என்று பிரித்துக் கேட்கும் கேள்வி இரண்டு மொழிக்கும் பிறகு வந்ததுதான்.

'மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்' என்று பொருள்படும் 'ஹுவாங்தி நெய்ஜிங்', சீன மருத்துவத்தின் மூலநூல். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதில் உடல் ஓர் அரசாக வருகிறது. இதயம் அரசன்; அறிவும் தெளிவும் அங்கிருந்து பிறக்கின்றன. கல்லீரல் படைத்தலைவன். இரு மார்புக்கும் நடுவே உள்ள இடம் தூதன். மகிழ்ச்சி அங்கிருந்துதான் வெளியே வரும். நாம் சந்தோஷத்தில் கைவைப்பதும் துக்கத்தில் அடித்துக்கொள்வதும் அதே இடத்தில்தானே.

உடலெங்கும் ஓடிக்கொண்டே இருப்பது 'ச்சி'. நான் அதை உயிர்க்காற்று என்று எழுதுகிறேன். நம் பிராணனும் வாயுவும் அதற்கு உறவுதான், ஆனாலும் அதுவே இது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு உணர்ச்சியும் அந்தக் காற்றை ஒவ்வொரு விதமாக அசைக்கிறது என்கிறது நூல். கோபம் வந்தால் அது மேலே ஏறும். அச்சத்தில் கீழே இறங்கும். துயரத்தில் கரையும். திடுக்கிட்டால் சிதறும். ஓயாத நினைப்பில் முடிச்சு விழும். இவற்றில் கடைசியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் காற்று முடிச்சு விழும். ஏழு மாதம் நான் செய்தது அதுதான்.

கல்லீரலின் வேலை, இந்தக் காற்று தடங்கலின்றி ஓடும்படி பார்த்துக்கொள்வது. கோபத்தை விழுங்கினால், ஆசையை அடக்கினால், அழுகையை நிறுத்தினால் அந்த ஓட்டம் நின்றுபோகும். இந்தத் தேக்கத்துக்கு 'யூ' என்று பெயர். கல்லீரலின் பாதை எங்கே போகிறது என்று பாருங்கள்: கால் பெருவிரலில் தொடங்கி, காலின் உட்பக்கமாக ஏறி, அடிவயிற்றைக் கடந்து, உதரவிதானத்தைத் துளைத்து, விலாவில் பரவி, தொண்டையின் பின்பக்கமாகக் கண்ணுக்கும் உச்சிக்கும் போகிறது. விலா இறுக்கம், நெஞ்சடைப்பு, தொண்டை உருண்டை, உச்சித் தலைவலி என்று நீங்கள் நான்கு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் காட்டியவை அந்த வரைபடத்தில் ஒரே சாலையின் நான்கு நிறுத்தங்கள். ஓட்டம் நின்ற கல்லீரல் மண்ணீரலையும் வயிற்றையும் முட்டும். அதனால் உப்புசம், ஏப்பம், பசியின்மை. "கேஸ்தான்" என்று சொன்ன உங்கள் வீட்டார் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த கேஸ் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

பெருமூச்சைப் பற்றியும் அந்த நூலில் ஒரு கேள்வி பதில் இருக்கிறது. மனிதர் ஏன் பெருமூச்சு விடுகிறார்? கவலையில் இதயத்தைத் தாங்கும் கட்டுகள் இறுகும். அவை இறுகினால் காற்றின் வழி குறுகும். குறுகியதை நீட்டித் திறந்துவிடத்தான் பெருமூச்சு. நம் வீடுகளில் பெருமூச்சு விட்டால், "ஏன் இப்படிப் பெருமூச்சு விடறே, வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். அது உடம்பு தன்னைத் தானே திறந்துகொள்ளும் முயற்சி என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஒரு தாதியாக இந்த இடத்தில் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். இதே பழைய நூல், எல்லா நெஞ்சு வலியையும் மனக்கவலை என்று சொல்லிவிடவில்லை. 'உண்மை இதயவலி' என்று ஒன்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கையும் காலும் மூட்டுவரை குளிர்ந்து நீலம் பாயும். காலையில் வந்தால் மாலையில் சாவு, மாலையில் வந்தால் காலையில் சாவு என்று எச்சரிக்கிறது. பின்னர் கிழக்கு ஹான் காலத்தில் வாழ்ந்த ஜாங் சோங்ஜிங், மார்பிலிருந்து முதுகுக்குப் பாயும் வலியை 'மார்பு அடைப்பு' என்று வேறாக வைத்து, காட்டு வெங்காய இனக் கிழங்கையும் மதுவையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் எழுதினார். அதாவது இதயத்தைக் கொல்லும் வலி வேறு, மார்பில் குளிரும் சளியும் அடைக்கும் வலி வேறு, மனம் புழுங்கும் அடைப்பு வேறு என்று அவர்களே பிரித்தார்கள். கையில் கருவி எதுவும் இல்லாத காலத்தில் அவ்வளவு கவனமாகப் பிரித்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு, இன்று இ.சி.ஜி. எடுக்காமல் மூலிகை குடிப்பது அவர்களுக்கே செய்யும் அவமரியாதை.

ஆகவே, நெஞ்சில் அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நின்றால், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், குமட்டினால் காத்திருக்காதீர்கள். சோடா வேண்டாம், ஓமவாட்டர் வேண்டாம், சின்சேயும் வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் மூச்சுத் திணறலாகவும்கூட வரும். போன முறை 'ஒன்றுமில்லை' என்றார்களே என்று இந்த முறை வராமல் இருந்துவிடாதீர்கள். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். அப்படி வராமல் இருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இனி, தொண்டை உருண்டை. ஜாங் சோங்ஜிங் அதை ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்: பெண்ணுக்குத் தொண்டையில் சுட்ட இறைச்சித் துண்டு சிக்கியதுபோல் இருக்கும் என்று. பின்னால் வந்தவர்கள் அதைப் 'பிளம் கொட்டை' என்று அழைத்தார்கள். கொட்டை இல்லை, ஆனால் கொட்டை இருக்கிறது. எனக்குச் சின்சே இதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். உருண்டைக்காகத் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதம் அப்போதும் என் கைப்பையில் இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படி, நானாகக் கற்பனை செய்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதே ஜாங் சோங்ஜிங், காரணமின்றித் துயரம் பொங்கி அழுதுகொண்டே இருக்கும் பெண்களுக்கு எழுதிய மருந்தில் மூன்றே பொருள்கள்: கோதுமை, அதிமதுரம், இலந்தை இனத்தைச் சேர்ந்த செங்கனி. மூன்றும் சமையலறைச் சாமான்கள். அழுகிறவளை அதட்டாமல், அவளுக்குக் கோதுமையும் இனிப்பும் காய்ச்சிக் கொடுக்கச் சொன்ன அந்த மனத்தை நான் நேசிக்கிறேன். (இதைப் படித்துவிட்டு அதிமதுரத்தை வாங்கிக் காய்ச்ச வேண்டாம். நெடுநாள், அதிக அளவில் எடுத்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.)

1174இல் சென் யான் என்பவர் நோய்க்கான காரணங்களை மூன்றாகப் பிரித்தார். வெளியிலிருந்து வருபவை காற்றும் குளிரும் வெப்பமும். உள்ளிருந்து வருபவை மகிழ்ச்சி, கோபம், கவலை, நினைப்பு, துயரம், அச்சம், திடுக்கம் என்ற ஏழு உணர்ச்சிகள். இரண்டிலும் சேராதவை மூன்றாவது. பனிக்காற்று எப்படி ஒரு காரணமோ அப்படியே துயரமும் ஒரு காரணம். குளிர் பட்டுக் காய்ச்சல் வந்தவரைப் பார்த்து, "காய்ச்சல் எல்லாம் ஒன்றுமில்லை, வெறும் குளிர்தான்" என்று யாரும் சொல்வதில்லை. 'வெறும் டென்ஷன்' என்பதில் உள்ள அந்த 'வெறும்' அவர்களிடம் இல்லை.

ஜூ தான்ஷி (1281–1358) தேக்கத்தை இன்னும் விரித்து ஆறு வகையாக்கினார்: காற்று, ஈரம், வெப்பம், சளி, இரத்தம், உணவு. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். அதற்கு அவர் எழுதிய மருந்து உருண்டையில் முக்கியமான ஒரு சரக்கு 'ஷியாங்ஃபு'. அது என்ன என்று தேடிப் பார்த்தபோது நம் கோரைக்கிழங்கு. என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். வயலில் எவ்வளவு பிடுங்கினாலும் போகாத களை என்று அதைச் சபித்துக்கொண்டே இருப்பார். சித்த மருத்துவத்தில் அதற்கு முத்தக்காசு என்றும் பெயர். காய்ச்சலுக்கும் செரிமானத்துக்கும் கொடுப்பார்கள். சீனாவில் அதே கிழங்கு அடக்கி வைத்த கோபத்துக்குத் திறவுகோல்.

சின்சே எனக்கு எழுதியது சோங் அரசமரபின் அரசு மருந்தகத் தொகுப்பில் இருக்கும் 'ஷியாவ்யாவ்' பொடியை ஒட்டிய மருந்து. எட்டுச் சரக்குகள். ஓட்டத்தைத் திறக்க ஒன்று, இரத்தத்தை ஊட்ட இரண்டு, செரிமானத்தைத் தாங்கச் சில, கடைசியில் இஞ்சியும் கொஞ்சம் புதினாவும். 'ஷியாவ்யாவ்' என்றால் கட்டில்லாமல் உலாவுதல். தாவோயியப் பேரறிஞர் சுவாங்சியின் நூலில் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒரு மருந்துக்கு நோயின் பெயரை வைக்காமல், குணமான மனிதர் எப்படி இருப்பார் என்பதைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

அது என்னைக் குணப்படுத்தியதா? சில வாரங்களில் தொண்டை இளகியது, தூக்கம் திரும்பியது. மருந்தா, அவர் கேட்ட கேள்வியா, நாள்போக்கா, எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இந்த மருந்துகளைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். ஆனால் பல சிறியவை, உறுதியாக நம்பும் தரத்தில் அமையாதவை. கல்லீரலில் காற்று தேங்குவதை எந்த ஸ்கேனும் காட்டாது. இந்த விளக்கத்தை நான் உடற்கூறு என்று உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் அனுபவத்தைத் துண்டு துண்டாக வெட்டாமல் முழுதாகச் சொல்லும் ஒரு மொழி என்றே சொல்கிறேன்.

இரண்டு கதைகள் சொல்லிவிடுகிறேன். இரண்டும் மருத்துவர்களே எழுதி வைத்தவை.

ஜாங் ஸிஹெ (1156–1228) வடசீனத்தில் வாழ்ந்தவர். ஓர் அதிகாரி, தன் தந்தை கொள்ளையரால் கொல்லப்பட்டார் என்று கேட்டு ஓலமிட்டு அழுதார். அழுது முடித்ததும் நெஞ்சு வலித்தது. நாளுக்கு நாள் கூடி, ஒரு மாதத்தில் நெஞ்சுக்குக் கீழே கவிழ்த்த கோப்பைபோல் ஒரு கட்டி. மருந்துகள் பலிக்கவில்லை, சூடு வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஜாங் போனபோது அங்கே ஒரு மந்திரவாதி பூசை செய்துகொண்டிருந்தார். ஜாங் அந்த மந்திரவாதியைப்போலவே ஆடிப் பிதற்றிக் காட்ட, நோயாளி அடக்க முடியாமல் சிரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓரிரு நாளில் கட்டி கரைந்தது. மகிழ்ச்சி துயரத்தை வெல்லும் என்ற பழைய விதிப்படி செய்தார் என்பார்கள். கட்டி உண்மையில் எப்படிக் கரைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பிடித்துக்கொண்டது வேறு. அந்த நோய்க்குறிப்பின் முதல் செய்தி வலி அல்ல, கட்டி அல்ல; தந்தை இறந்த செய்தி. நான் இருபத்தெட்டு ஆண்டுகள் நிரப்பிய படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

இன்னொருவர் வாங் சிங்ரென் (1768–1831). கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளின் கைவிடப்பட்ட உடல்களைப் போய்ப் பார்த்து, பழைய நூல்களின் உள்ளுறுப்புப் படங்கள் தவறு என்று 1830இல் புத்தகம் வெளியிட்டவர். மார்பில் இரத்தம் தேங்குவதற்கு அவர் எழுதிய பதினொரு சரக்குக் கஷாயம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்கீழ் இரண்டு நோயாளிகளைக் குறிப்பிடுகிறார். ஒருவர் எழுபத்து நான்கு வயது ஆளுநர், இரவில் மார்பைத் திறந்து வைத்தால்தான் தூங்குவார், ஒரு துணி பட்டாலும் தூக்கம் போய்விடும், ஏழு ஆண்டுகளாக. இன்னொருத்தி இருபத்திரண்டு வயதுப் பெண். பணிப்பெண் அவள் மார்பின்மேல் உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், இரண்டு ஆண்டுகளாக. இருவருக்கும் அதே மருந்து.

தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு படுத்த நான், அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் தாண்டிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு என்ன நடந்தது என்று வாங் எழுதவில்லை. உடற்கூறு பார்த்த அந்தக் கூர்மையான மனிதர் இங்கே ஜாங் ஸிஹெபோல் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்தான். இரவெல்லாம் ஒருத்தியின் மார்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பணிப்பெண்ணைப் பற்றியும் நினைத்துக்கொள்கிறேன்.

நவீன மருத்துவம் இவ்வளவு காலமும் ஒன்றும் சொல்லவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு நிலையை விவரித்தார்கள். நெருங்கியவரின் சாவு போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடக் கீழறை, ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப்போல் வீங்குகிறது. இரத்தக்குழாயில் அடைப்பில்லை, ஆனால் மாரடைப்பின் அறிகுறிகள் அத்தனையும் உண்டு. பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருவது. 2004இல் வெளியான, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பின் முக்கியக் காரணங்களில் மன அழுத்தத்தையும் வைத்தது. சீனாவிலேயே இதயநோய் நிபுணர் ஹு தாயி 'இரட்டை இதய மருத்துவம்' என்று பேசிவருகிறார். சீன மொழியில் மனத்துக்கும் இதயத்துக்கும் ஒரே சொல் என்பதால் அந்தப் பெயர் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், 'நரம்புத் தளர்ச்சி' என்று சிகிச்சை பெற்ற 100 பேரைப் பார்த்தார். தலைவலி, தூக்கமின்மை, உடல் சோர்வு என்று வந்தவர்கள். அவர்களில் 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது என்று கண்டார். கலாசாரப் புரட்சியின் ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள் பலர். துக்கத்தைத் துக்கம் என்று சொன்னால் அரசியல் குற்றமாகிவிடக்கூடிய காலம் அது. உடம்பின் மொழியில் மட்டும்தான் சொல்ல முடிந்தது. இதை வைத்துச் சீனர்களுக்கு மனத்தைப் பேசத் தெரியாது என்று சிலர் முடிவு கட்டியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நம்மில் எத்தனை பேர் "எனக்கு மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறோம்? "நெஞ்சு அடைக்குது டாக்டர்" என்றுதானே சொல்கிறோம். அது அறியாமை அல்ல. கேட்கிறவருக்குக் காது இருந்தால், முழு வாக்கியமும் அதற்குள் இருக்கிறது. மனச்சோர்வு என்று தெரிந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் போவதில் எந்தக் குறைவும் இல்லை. நானும் போனேன்.

சீன மருத்துவரிடம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சிங்கப்பூரில் இதற்கு 2000ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. பதிவு பெற்றவரிடம் மட்டும் போங்கள். 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்து வந்த இடம். நமக்கு அந்நியமான இடமல்ல. நீங்கள் உண்ணும் ஆங்கில மருந்துகளின் பட்டியலைக் கையில் கொண்டுபோங்கள். முக்கியமாக, இதயத்துக்கென்று பெயர்போன 'தான்ஷென்' வேர், வார்ஃபரின் மாத்திரையின் வேலையை அதிகமாக்கி இரத்தக் கசிவை உண்டாக்கும். மனத்தை அமர்த்த என்று பழைய உருண்டைகள் சிலவற்றில் சேர்த்த சின்னபாரம் பாதரசம் கலந்த தாது. அரிஸ்டலோக்கியா இனச் செடிகள் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 1993இல் பெல்ஜியத்தில் கண்டார்கள். இயற்கை என்ற சொல்லை நம்பி எதையும் இணையத்தில் வாங்கிக் குடிக்காதீர்கள்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் சீன மூதாட்டிகள் 'எட்டுப் பட்டுத் துண்டுகள்' என்ற பழைய பயிற்சியைச் செய்வார்கள். இரண்டாவது அசைவில், குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் கால்களை அகட்டி, ஒரு கையால் வில்லைப் பிடித்து மறு கையால் நாணை இழுப்பதுபோல் மார்பை விரிக்க வேண்டும். கண் தூரத்தில் பறக்கும் பருந்தைப் பார்க்கும். நான் முதல் நாள் செய்தபோது நாணை இழுத்ததும், எத்தனையோ மாதமாக வராத முழு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி திரும்பிப் பார்த்து, என் தோளைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே 'உள்வாயில்' என்றொரு புள்ளி இருக்கிறது. அடைப்பு வரும்போது அங்கே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவேன். மறுபடியும் ஒரு கதவு.

அடுத்த முறை மருத்துவரிடம், எந்த மருத்துவரிடமானாலும், போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். அடைப்பு எந்த வாரம் தொடங்கியது, எந்த நேரம் கூடுகிறது, நடந்தால் வருகிறதா, சும்மா இருக்கும்போது வருகிறதா என்று எழுதுங்கள். அது தொடங்குவதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் வையுங்கள்.

என் தாளின் முதல் வரியில் மார்ச் 9 என்று இருக்கும். அன்று என் கணவர் காலை காப்பியைப் பாதி குடித்துவிட்டு வைத்திருந்தார்.

அன்புடன்,
உங்கள் படுக்கையருகே நின்ற தாதி
சிங்கப்பூர்